ஏழுக்கு நான்கு: இரு நட்பு நாடுகளின் ஏட்டில் நின்ற மக்கள்

சென்ற திருவிழாவுக்குச் சில வாரங்கள் முன்னதாக, திருப்பாச்சூரில் உள்ள நமது ஆலயத்திற்கு வர்ணம் பூச நால்வர் வந்தனர். திருவள்ளூர் மேஸ்திரி ஒருவர் அனுப்பி வைத்த ஆட்கள். சாரம் கட்டுவதிலும், பழைய சுண்ணாம்பைச் சுரண்டுவதிலும், கோபுரத்து விளிம்புகளில் கோடு பிசகாமல் தூரிகை இழுப்பதிலும் அவர்கள் காட்டிய நேர்த்தியைப் பங்கு மக்கள் நின்று பார்த்தனர். நான்காம் நாள் மாலை, அவர்களுள் மூத்தவர் நம்மிடம் வந்து, "சாமி, நாளைக்கு நாங்கள் வர இயலாது. முகாமில் பெயர் பார்க்கும் நாள். ஆள் நேரில் நிற்க வேண்டும்" என்றார். அப்போதுதான் அவர்கள் கும்மிடிப்பூண்டி இலங்கைத் தமிழர் முகாமிலிருந்து வருகிறவர்கள் என்பது நமக்குத் தெரிந்தது.

அதே வாரத்துச் செய்தித்தாள் நமது மேசைமேல் கிடந்தது. இந்தியாவும் இலங்கையும் நெருங்கிய நட்பு நாடுகள் என்றும், இரண்டும் மக்களாட்சியில் ஊறியவை என்றும், வணிகமும் முதலீடும் பெருக வேண்டும் என்றும் அதில் எழுதியிருந்தது. அவை யாவும் உண்மையே, மறுப்பதற்கில்லை. எனினும் அந்த நட்பின் வரலாற்றைச் சாரத்தின் மேல் நின்று வர்ணம் பூசுகின்ற மனிதரின் பக்கத்திலிருந்து படித்தால் எப்படித் தோன்றும் என்று அன்றிரவு நாம் எண்ணிப் பார்த்தோம். அந்த எண்ணமே இக்கட்டுரைக்கு வித்து.

கத்தோலிக்கராகிய நமக்கு இலங்கை அயல்நாடு அன்று. கோவாவில் பிறந்த ஜோசப் வாஸ் அடிகளார், ஒல்லாந்தரின் ஆட்சியில் குருக்களின்றித் தவித்த இலங்கை மக்களைத் தேடி, 1687-ஆம் ஆண்டு தூத்துக்குடியிலிருந்து கூலியாள் போல் வேடமிட்டு யாழ்ப்பாணத்தில் இறங்கினார். கடவுச்சீட்டு ஏதும் அவரிடம் இல்லை. இன்றைய சட்டத்தின்படி நோக்கினால், புனிதர் ஜோசப் வாஸ் சட்டத்திற்குப் புறம்பாகக் கடல் கடந்தவரே! தமிழும் சிங்களமும் கற்று, 1711-இல் கண்டியில் உயிர் நீத்த அவருக்கு, 2015 ஜனவரி 14-ஆம் நாள் கொழும்பு மாநகரில் திருத்தந்தை பிரான்சிஸ் புனிதர் பட்டம் வழங்கினார்.

நிற்க. நம் கதையின் தொடக்கம் காப்பித் தோட்டங்களில் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், ஆங்கிலேயர் கண்டி மலைகளில் காப்பி பயிரிடத் தொடங்கியபோது, திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, சேலம் பக்கத்து வறண்ட கிராமங்களிலிருந்து ஏழை மக்கள் கங்காணிகளால் அழைத்துச் செல்லப்பட்டனர். மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியே மாத்தளை நோக்கி நடந்த அவர்களுள் வழியிலேயே மாண்டவர் பலர். அந்த வரவின் இருநூறாவது ஆண்டை நினைவுகூர்ந்து, 2023-இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மலையக மக்கள் நடைப்பயணம் சென்றதை வாசகர்கள் அறிந்திருக்கலாம். 1869 முதல் இலைநோய் பரவிக் காப்பி அழிந்தது. அதன் இடத்தில் தேயிலை வந்தது. மக்கள் மட்டும் அதே லயங்களில், அதே பத்தடிக்குப் பத்தடி அறைகளில் இருந்தனர். இலங்கை ஈட்டிய அந்நியச் செலாவணியின் பெரும்பகுதி நெடுங்காலம் அவர்களுடைய கூடைகளிலிருந்தே வந்தது.

1948 பிப்ரவரியில் இலங்கை சுதந்திரம் அடைந்தது. அதே ஆண்டு இயற்றப்பட்ட குடியுரிமைச் சட்டம், தந்தைவழி முன்னோர் இலங்கையில் பிறந்தமைக்குச் சான்று கேட்டது. தோட்டத்துக் கூலிக்கு ஏது சான்று? ஒரே சட்டத்தினால் பல இலட்சம் பேர் நாடற்றவர் ஆயினர். முந்திய ஆண்டுத் தேர்தலில் வாக்களித்தவர்கள், அடுத்த தேர்தலில் வாக்கிழந்து நின்றனர். இந்தியாவோ, 'அவர்கள் உங்கள் மண்ணில் வாழ்கிறவர்கள்' என்றது. இலங்கை, 'அவர்கள் உங்கள் மண்ணிலிருந்து வந்தவர்கள்' என்றது. நேருவும் கொத்தலாவலையும் 1954-இல் செய்துகொண்ட உடன்பாடும் இந்த இழுபறியைத் தீர்க்கவில்லை.

பின்னர், 1964 அக்டோபர் 30-ஆம் நாள், புதுடில்லியில் லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டனர். நாடற்றவர் தொகை 9,75,000 என்று வைத்துக்கொள்ளப்பட்டது. அவர்களுள் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும். 3,00,000 பேரை இலங்கை ஏற்கும். எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசிக்கொள்வது. அந்தப் பின்னர் 1974-இல் வந்தது; ஆளுக்கு 75,000 என்று இந்திரா காந்தியாரும் சிறிமாவோ அம்மையாரும் பாதியாகப் பகிர்ந்துகொண்டனர். ஒப்பந்தத்தைச் செயற்படுத்த இலங்கை இயற்றிய சட்டத்தில் ஒரு விகிதம் இருந்தது: ஏழு பேர் இந்தியாவுக்குப் போனால் நான்கு பேருக்கு இலங்கைக் குடியுரிமை. ஏழுக்கு நான்கு! தேங்காய் வணிகத்தில் கேட்கும் கணக்கை மனிதருக்கு எழுதி வைத்தனர்.

சாஸ்திரியாரைக் குறைத்துப் பேசுவது நமது நோக்கமன்று. எளிமையும் நேர்மையும் உடைய அம்மனிதர், அண்டை நாட்டோடு இருந்த ஒரு பழம் புண்ணை ஆற்றவே விரும்பினார். சீனப் போருக்குப் பிந்திய நாட்களில் இந்தியாவுக்கு நண்பர்கள் தேவைப்பட்டனர். ஆயினும் அந்த மேசையில் மலையகத் தொழிலாளர் ஒருவரும் இல்லை. தங்களைக் கேளாமல் தங்கள் தலைவிதி எழுதப்பட்டதாக இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் தலைவர் தொண்டமான் அன்றே முறையிட்டார். விண்ணப்பம் கேட்கப்பட்டபோது, பெரும்பாலோர் இலங்கைக் குடியுரிமையையே கேட்டனர் என்பது இதற்குச் சான்று. பேரரசர் அகுஸ்துவின் காலத்திலும் கணக்கெடுப்பு இருந்தது. சூசையும் மரியாவும் பெயர் பதிவதற்காகத் தங்கள் குலத்தாரின் ஊராகிய பெத்லகேமுக்கு நடந்தனர். மலையகத்தாருக்கோ குலத்தாரின் ஊர் எது என்பதே மறந்து போயிருந்தது.

புறப்பட்டவர்களின் நிலை என்ன? அண்ணன் இந்தியன், தம்பி இலங்கையன் என்று குடும்பங்கள் பிரிந்தன. மலைநாட்டு நிலையங்களிலிருந்து தலைமன்னாருக்கு அவர்களை ஏற்றிச் சென்ற இரயிலுக்கு மக்கள் இட்ட பெயர் 'அழுகைக் கோச்சி'. அங்கிருந்து கப்பலில் இராமேசுவரம்; பின் மண்டபம் முகாம்; பின் தமிழகத்தின் ஏதோ ஒரு மூலை. அரசு ஒன்றும் செய்யவில்லை என்பது தவறு. நீலகிரியில் அவர்களுக்காகவே 1968-இல் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் தொடங்கப்பட்டன. பின்னர் 'டான்டீ' என்னும் நிறுவனம் ஆகியது அதுவே. 1969-இல் 'ரெப்கோ' வங்கி அவர்களுக்காக நிறுவப்பட்டது. இன்று நம் ஊர்களில் அவ்வங்கியில் நகையை வைத்துக் கடன் பெறுவோரில் எத்தனை பேருக்கு அப்பெயரின் மூலம் தெரியும்? தாயகம் திரும்பியோர் என்னும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்துகள் அதில் ஒளிந்திருக்கின்றன. இவ்வாறு ஏறத்தாழ 4,60,000 பேர் வந்து சேர்ந்தனர். 1984-இல் போரின் காரணமாகக் கப்பல் நின்றது. கணக்கும் பாதியில் நின்றது.

பாதியில் நின்ற அந்தக் கணக்கின் மீதிதான் நமது ஆலயத்துச் சுவருக்கு வர்ணம் பூசியவர். அவருடைய பாட்டனார், அட்டனுக்கு அருகே தோட்டத்தில் பணி செய்து, ஒப்பந்தப்படி இந்தியக் குடியுரிமைக்கு எழுதிக் கொடுத்தவர். கடிதம் வந்தது, கப்பல் முறை வரவில்லை. 1977-இல் நடந்த கலவரத்தில் லயம் எரிந்தபோது, குடும்பம் வடக்கே வவுனியாப் பக்கம் ஓடிக் காடு வெட்டிக் குடியேறியது. 1990 ஜூனில் மீண்டும் போர் மூண்டது. பன்னிரண்டு வயதுச் சிறுவனாக மன்னார்க் கரையில் படகேறி, இரவோடு இரவாக இராமேசுவரத்தில் இறங்கினார். பாட்டனாருக்கு எந்த நாட்டில் உரிமை எழுதப்பட்டதோ அதே நாட்டில், பேரன் 'அகதி' என்று பதியப்பட்டார்.

1983 ஜூலைக் கலவரத்துக்குப் பின் பல அலைகளாக வந்தோர் மொத்தம் மூன்று இலட்சத்திற்கும் மேற்பட்டவர். அவர்களுள் பலர் திரும்பினர். 1992 முதல் 1995 வரை மட்டும் ஐம்பதாயிரத்திற்கும் மேற்பட்டோர் திருப்பி அனுப்பப்பட்டனர். 1987 ஜூலை 29-இல் இராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனாவும் கொழும்பில் கையெழுத்திட்ட உடன்படிக்கையும், அமைதிப் படை சென்றதும், 1990 மார்ச்சில் அது திரும்பியதும், 1991 மே 21-ஆம் நாள் நமக்குப் பக்கத்திலேயே திருப்பெரும்புதூரில் நிகழ்ந்த கொடுமையும் எல்லோரும் அறிந்தவை, விரிக்க வேண்டுவதில்லை. அந்த ஓர் இரவுக்குப் பின், குற்றமேதும் அறியாத முகாம் மக்களைக் கண்ட இடத்திலெல்லாம் சந்தேகம் தொடர்ந்தது என்பதை மட்டும் சொல்லி மேலே செல்வோம். இன்றும் தமிழகத்தில் நூற்றுக்கு மேற்பட்ட முகாம்களில் ஐம்பதாயிரத்துக்கும் அதிகமானோர் வாழ்கின்றனர். நம் மாவட்டத்துக் கும்மிடிப்பூண்டி முகாம் அவற்றுள் பெரியவற்றில் ஒன்று. சுற்றிலும் சிப்காட் தொழிற்பேட்டை. இரும்பு உருக்கும் ஆலைகளின் புகை. ஆண்களில் பலர் வர்ணம் பூசும் தொழிலைக் கற்றுக்கொண்டனர்; தினக்கூலிக்கு ஊர் ஊராகச் செல்வர்.

இனி வணிகத்தைப் பார்ப்போம். 1982-இல் நம் எண்ணூர் அசோக் லேலண்டு நிறுவனமும் இலங்கை அரசும் கூட்டாக 'லங்கா அசோக் லேலண்டு' நிறுவனத்தைத் தொடங்கின. கண்டிச் சாலையில் ஏறி இறங்கும் பேருந்துகள் பலவற்றில் நம் வடசென்னைத் தொழிலாளியின் கைவண்ணம் உண்டு. 1998 டிசம்பர் 28-இல் வாஜ்பாயும் சந்திரிகா குமாரதுங்காவும் ஒரு தடையிலா வணிக உடன்படிக்கையில் கையெழுத்திட்டனர். 2000 மார்ச் முதல் நாள் அது நடைமுறைக்கு வந்தது. ஏழை நாட்டுக்கும் பெரிய நாட்டுக்கும் நடக்கும் வணிகத்தைச் சந்தையின் போக்கிற்கு மட்டும் விட்டுவிடலாகாது, நீதி அதை ஆள வேண்டும் என்று திருத்தந்தை ஆறாம் பவுல் 1967-இல் மக்களின் முன்னேற்றம் பற்றிய சுற்றுமடலில் கற்பித்தார். இந்த உடன்படிக்கையில் அதன் சாயல் சிறிது இருந்தது: பெரிய நாடாகிய இந்தியா தீர்வைகளை மூன்றே ஆண்டுகளில் நீக்க ஒப்பியது, இலங்கைக்கு எட்டு ஆண்டுகள் தரப்பட்டன. ஆயினும் தேயிலை என்றதும் நமது தோட்ட முதலாளிகள் விழித்துக்கொண்டனர். ஆண்டுக்கு ஒன்றரைக் கோடி கிலோவுக்குத்தான் சலுகை என்று வரம்பு வைத்தனர். வேடிக்கை ஒன்றும் நடந்தது. எண்ணெய்ப் பனையை அதிகம் விளைவிக்காத இலங்கையில் திடீரென வனஸ்பதி ஆலைகள் முளைத்தன. வெளிநாட்டுப் பாமாயில் அங்கே இறங்கி, வனஸ்பதியாக மாறி, தீர்வையின்றி இந்தியாவுக்கு வந்தது. சில ஆண்டுகளில் இந்தியா அதற்கும் வரம்பு கட்டியது.

அது எப்படி இலங்கைச் சரக்காயிற்று என்று வாசகர் கேட்கலாம். உடன்படிக்கையில் பிறப்பிட விதி என்று ஒன்று உண்டு. ஒரு பொருளின் மதிப்பில் நூற்றுக்கு முப்பத்தைந்து பங்கு இலங்கையில் சேர்க்கப்பட்டிருந்து, அது புது உருவம் பெற்றிருந்தால், அதை இலங்கையின் பொருள் என்று சான்றளிக்கலாம். இந்திய மூலப்பொருள் கலந்திருந்தால் இருபத்தைந்தே போதும். வனஸ்பதி டப்பாவுக்கு அந்தச் சான்று எளிதில் கிடைத்தது. பாட்டன் புதுக்கோட்டையில் பிறந்து, தந்தை அட்டனில் பிறந்து, மகன் திருவள்ளூர் அரசு மருத்துவமனையில் பிறந்த குடும்பத்திற்கோ, எந்த நாட்டுச் சான்றும் கிடைக்கவில்லை. இதை நாம் எழுதுவது கேலிக்காக அன்று.

சட்டத்தின் நிலையையும் சொல்லிவிடுவோம். முகாமுக்கு உதவச் செல்லும் நம் இளைஞர்கள் அறிந்திருக்க வேண்டியது. 1987 ஜூலை முதல் தேதிக்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பினாலேயே குடிமகன். அதற்குப் பின் பிறந்தவர்க்குப் பெற்றோருள் ஒருவரேனும் குடிமகனாக இருத்தல் வேண்டும். 2004 டிசம்பர் முதல் விதி இன்னும் கடுமையாயிற்று. உரிய ஆவணமின்றி வந்தவர் 'சட்டவிரோதக் குடியேறி'. அவர் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கவும் இயலாது. 2019-ஆம் ஆண்டுக் குடியுரிமைத் திருத்தச் சட்டம் மூன்று நாடுகளைச் சொன்னது. இலங்கை அவற்றுள் இல்லை. அதே 2019 ஜூனில், சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, இந்திய வம்சாவளியைச் சேர்ந்த முகாம்வாசிகள் அறுபத்தைந்து பேரின் வழக்கில், அவர்களின் மனுக்களைப் பரிவோடு ஆராயும்படி கூறியது. 2021-இல் தமிழக அரசு 317 கோடி ரூபாய்த் திட்டம் அறிவித்து, ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளைக் கட்ட முற்பட்டது. 'அகதிகள் முகாம்' என்ற பெயரை 'மறுவாழ்வு முகாம்' என்று மாற்றியது. 2025 செப்டம்பரில் நடுவண் அரசு, 2015 ஜனவரி 9-ஆம் தேதி வரை வந்து பதிந்துகொண்ட இலங்கைத் தமிழர்மீது ஆவணமின்மைக்காகத் தண்டனை நடவடிக்கை இல்லை என்று அறிவித்தது. நல்லதே. ஆயினும் தண்டனை இல்லை என்பது வேறு, உரிமை உண்டு என்பது வேறு.

திரும்பிப் போகலாமே என்பார் உண்டு. இலங்கை 2003-இல் இயற்றிய சட்டத்தினால், அங்கேயே தங்கிவிட்ட மலையகத்தாருக்குக் குடியுரிமை வழங்கி, 1948-இன் பிழையை ஓரளவு கழுவியது. அதைப் பாராட்ட வேண்டும். போர் முடிந்த பின் இந்தியா வடக்கிலும் கிழக்கிலும் மலையகத்திலும் ஐம்பதாயிரம் வீடுகள் கட்டித் தர முன்வந்து செய்தது. ஆனால் 2025 மே மாதம், தமிழக முகாமிலிருந்து முறையாக ஐக்கிய நாடுகள் அமைப்பின் ஏற்பாட்டில் திரும்பிய முதியவர் ஒருவர் பலாலி விமான நிலையத்தில் கைது செய்யப்பட்டார். பல்லாண்டுகளுக்கு முன் நாட்டைவிட்டு முறைப்படி வெளியேறவில்லை என்பது குற்றமாம். குண்டுக்குத் தப்பி ஓடியவன் எந்த அலுவலகத்தில் முத்திரை வாங்குவான்? இங்கே, ஆவணமின்றி நுழைந்தவன். அங்கே, ஆவணமின்றி வெளியேறியவன்.

இரு நாடுகளும் மனம் வைத்தால் என்ன இயலும் என்பதற்கும் சான்றுகள் உள. 1974-இல் 285 ஏக்கர் கச்சத்தீவு இலங்கையின் எல்லைக்குள் சென்றது. அதன் நியாய அநியாயம் பற்றி இங்கே வழக்காட நாம் வரவில்லை. ஆனால் அவ்வொப்பந்தத்தின் ஐந்தாம் பிரிவில் ஓர் அருமையான வரி இருக்கிறது: இந்திய மீனவரும் திருப்பயணிகளும் முன்போலவே அத்தீவுக்குச் செல்லலாம், அவர்களிடம் இலங்கை பயண ஆவணமோ விசாவோ கேட்காது. புனித அந்தோணியார்தாம் அந்த வரியை வாங்கித் தந்தார் என்று இராமேசுவரத்து மீனவர் சொல்வர். போர்க்காலத்தில் பல ஆண்டுகள் தடைப்பட்ட அத்திருவிழா மீண்டும் நடைபெறுகிறது. யாழ்ப்பாண மறைமாவட்டமும் இராமேசுவரத்துப் பங்கும் சேர்ந்து ஏற்பாடு செய்கின்றன. பிரிந்துபோன உறவினர் அங்கே ஓரிரவு மணலில் அமர்ந்து பேசுகின்றனர். கடலில் மட்டும் அந்த அமைதி இல்லை. 1976-இன் கடித உடன்பாடு மீன்பிடிக்கும் எல்லையைக் கட்டியது. நம்மவரின் இழுவை மடிகள் எல்லை தாண்டி வட இலங்கைத் தமிழ் மீனவரின் வலைகளையும் கடலடியையும் அழிக்கின்றன என்னும் புகாரில் உண்மை உண்டு. நம்மவர் சுடப்பட்டதும் சிறைப்பட்டதும் உண்மை. 2024-இல், மீனவர் சிறைத் தண்டனையைக் கண்டித்து நம்மவர் திருவிழாவுக்கே செல்லவில்லை. இருபுறமும் ஏழை, இருபுறமும் தமிழன், பல வேளைகளில் இருபுறமும் கத்தோலிக்கன்.

2022-இல் இலங்கையில் எரிபொருளும் பால்மாவும் கிட்டாத நிலை வந்தது. இந்தியா ஏறத்தாழ 400 கோடி டாலர் அளவுக்குக் கடனும் உதவியும் அளித்தது. தமிழக அரசு 40,000 டன் அரிசியும், 500 டன் பால் பொடியும், மருந்துகளும் அனுப்பியது. மே 18-ஆம் நாள் சென்னைத் துறைமுகத்திலிருந்து முதற் கப்பல் புறப்பட்டது. அன்றைய செய்தியை முகாமில் எப்படிப் பார்த்தீர்கள் என்று வர்ணக்காரரைக் கேட்டோம். "அரிசி போகிறது என்று எல்லோரும் கை தட்டினோம் சாமி. அட்டனில் அத்தை இருக்கிறார். பிறகு ஒருவன் சொன்னான், அந்த மூட்டைக்குக்கூடப் போக வழி இருக்கிறது என்று. யாரும் சிரிக்கவில்லை" என்றார்.

இரு நாள் கழித்து மீண்டும் வேலைக்கு வந்தபோது, அவர் ஓர் உதவி கேட்டார். வழக்கறிஞர் ஒருவர், முன்னோர் இந்தியாவில் பிறந்தமைக்கு ஏதேனும் சான்று கிடைக்குமா என்று கேட்டிருக்கிறார். பாட்டனாரின் தந்தை கத்தோலிக்கர். புதுக்கோட்டைப் பக்கம் ஒரு பழைய பங்கில் திருமுழுக்குப் பெற்றவர் என்பது குடும்பத்தில் வழிவழியாக வந்த பேச்சு. இவரோ ஆலயத்துக்குப் போய்ப் பழகாதவர். "சாமிமார் புத்தகத்தில் பெயர் அழியாதாமே" என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்.

நாம் அந்தப் பங்குத்தந்தைக்கு எழுதினோம். பத்து நாளில் பதில் வந்தது. ஏடு இருக்கிறது, இலத்தீனில் எழுதப்பட்டது, ஓரங்களைக் கறையான் தின்றிருந்தாலும் படிக்க முடிகிறது. ஆனால் அந்தப் புனிதரின் பெயரை இட்ட பிள்ளைகள் அந்தச் சில ஆண்டுகளில் ஐவர். தாயின் பெயர் தெரிந்தால்தான் உறுதி சொல்ல முடியும் என்று எழுதியிருந்தார். வர்ணக்காரர் அட்டனில் உள்ள அத்தையிடம் தொலைபேசியில் கேட்டிருக்கிறார். அத்தைக்கு வயது எண்பதைக் கடந்துவிட்டது. நினைவு வரும்போது சொல்கிறேன் என்றிருக்கிறார்.

திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, சேலம் பகுதிகளில் 1930-க்கு முற்பட்ட திருமுழுக்கு, திருமண ஏடுகள் உள்ள பங்குகளின் தந்தையர், கறையான் முந்துமுன் அவற்றைப் படம் பிடித்து வைக்குமாறு வேண்டுகிறோம். ஓரத்தில் 'கண்டிக்குச் சென்றனர்' என்பது போன்ற குறிப்பு இருந்தால் அந்தப் பக்கங்களைத் தனியே குறித்து வைக்கவும். முகாம்களிலிருந்து கடிதம் வந்தால், தாமதமின்றிப் பதில் எழுதவும்.